பாகீரதி உட்கார்ந்திருந்த கல் பெஞ்சு

"அந்த ஒரு படத்தை மட்டும் விட்டுடு ஜலஜா... உனக்குப் புண்ணியமாப் போகும்" என்றாள் பாகீரதி. கல்லில் அரிசி ரொட்டி கருகிக்கொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை.

விடுவாளா ஜலஜாக்ஷி? அண்ணன் சேஷகிரிக்கு எண்பது வயது நிறைகிறது. குடும்பப் படங்களைச் சேர்த்துப் புத்தகம் போடுவது என்று முடிவாகி, ஒவ்வொன்றின் கீழும் ஊரும் வருஷமும் எழுதும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. இந்தப் படம் அண்ணனின் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அண்ணன் மனைவி பாகீரதி, அவளுடைய அத்திகே, இருபத்து மூன்று வயதில், கம்பளிக் கோட்டு மாட்டிக்கொண்டு கல் பெஞ்சில் உட்கார்ந்து பல் தெரியச் சிரிக்கிறாள். பின்னால் நான்கு கால் தண்ணீர்த் தொட்டி, வளைந்து போகும் ரயில் பாதை, உச்சியில் வெட்டு விழுந்த ஒரு குன்று. படத்தின் முதுகில் 1971 என்று மட்டும் எழுதியிருந்தது. அது ஜலஜாக்ஷிக்குக் கல்யாணமான வருஷம்.

அந்த வருஷம் பாகீரதி பத்து மாதம் வீட்டில் இல்லை. பிறந்த வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். இருக்கும் ஒரே நாத்தனார் கல்யாணத்துக்கும் வரவில்லை. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். முதல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து ஜலஜாக்ஷி கைக்குழந்தையோடு கிடந்தபோது, இந்த மகராசி வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனாளே தவிர, குழந்தையை ஒரு தடவை தூக்கினாளா? கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு வைத்த பெயர்தான். பெற்ற பிள்ளைக்கும் அதையே சொல்லி வளர்த்தாள்.

பாகீரதியின் பிறந்த ஊர் மண்டியா பக்கம், தட்டையான கரும்புக் காடு. அங்கே ஏது குன்று, ஏது குளிர்? கோட்டு போட்டுக்கொண்டு எங்கே ஊர் சுற்றினாள் என்று புத்தகத்திலேயே அச்சடித்து, நாலு பேர் பார்க்க வைக்க வேண்டும். அதுதான் ஜலஜாக்ஷியின் திட்டம்.

அதற்கு அவளுக்குத் திறமையும் இருந்தது. முப்பத்தாறு வருஷம் சர்வே ஆபீசில் மேப் வரைந்த கை. முதலில் குடகு மேப்புகளைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். குடகில் ரயிலே கிடையாது என்பதுகூட ஆத்திரத்தில் மறந்துபோயிற்று. பிறகு நிதானித்து ரயில் பாதைகளைப் பிடித்துக்கொண்டு போனாள். அரசிகெரே தாண்டி ஓரிடத்தில் வளைவும் குன்றும் அப்படியே பொருந்தின. ஆனால் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல் மில் இருந்தது. பழைய ஆபீசுக்கே போய், தெரிந்தவர்களைக் கெஞ்சி, அதே இடத்தின் 1952 மேப்பை வாங்கி விரித்தாள்.

தொட்டி இருந்தது. பக்கத்தில் ஏழு நீளக் கொட்டகைகள், சுற்றிலும் வேலி, தனிக் கிணறு. மூலையில் தனிச் சுடுகாடு. ஓரத்தில் பொடி எழுத்தில் க்ஷயரோக விடுதி என்று எழுதியிருந்தது.

ஜலஜாக்ஷி புது மேப்பை மறுபடி எடுத்தாள். திருத்தியவர் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்தே இருந்தது. விடுதியை இடித்துவிட்டார்கள் என்று தாக்கல் வந்ததும், அந்த ஏழு கொட்டகைகளையும் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு மில்லை வரைந்தவளே அவள்தான். பக்கத்திலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். எழுந்திருக்க வெகு நேரமாயிற்று.

மறுநாள் காலையில் பாகீரதி முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். ஜலஜாக்ஷி பழைய மேப்பை அவள் முன்னால் வைத்தாள். அந்தக் கொட்டகைகளை விரலால் தொட்டுக் காட்டினாள்.

பாகீரதி கையை நிறுத்தாமலே சொன்னாள். கோட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்தது. சளியில் கிருமி இல்லை என்று சொன்ன அன்று கம்பவுண்டர் பிடித்த படம் அது. அதனால்தான் அந்தச் சிரிப்பு. உன் கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால்.

"அப்போ ஏன் வரலை அத்திகே?"

"வந்த இடத்துல ஒரு இருமல் இருமியிருந்தா? வீட்டுல க்ஷயம்னு தெரிஞ்சா மாப்பிள்ளை வீட்டார் அப்படியே திரும்பிப் போயிருப்பாங்க. வாயைத் திறக்கமாட்டேன்னு உங்கம்மா என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தாங்க."

"குழந்தையை..."

மொச்சை உரித்த கை நின்றது. "தூக்கணும்னு கை பரபரக்கும் ஜலஜா. ரேழியில போய் நின்னு அழுதிருக்கேன். டாக்டர் தூக்கலாம்னுதான் சொன்னாரு. எனக்குத்தான் தைரியம் வரலை. உன் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எந்தக் கிணத்துல விழுவேன்?"

ஜலஜாக்ஷி உடைந்துபோனாள். தரையிலேயே உட்கார்ந்து அவள் கால்களைப் பிடித்துக்கொண்டாள். பாவி நான், உங்களைச் சந்தி சிரிக்க வைக்கத்தானே இத்தனையும் தேடினேன் என்று கேவினாள். உறவுக்காரர்கள் மத்தியில் என்னென்ன பேசினாள் என்று அவளே ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதாள். பாகீரதி எல்லாவற்றையும் கேட்டு முடித்தாள்.

"சத்தியம் உங்கம்மாவோட போயிடுச்சு. அதுக்கப்புறம் நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். எந்த ஊர்னு ஊரெல்லாம் மேப்புல தேடினியே... நான் இங்கதானே இருந்தேன். அத்திகே, அந்த வருஷம் எங்க போயிருந்தீங்கன்னு கோபமில்லாம ஒரு வார்த்தை, நாப்பத்தெட்டு வருஷத்துல ஒரு தடவை, நீ என்னைக் கேட்டதில்லை."

ஜலஜாக்ஷி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்போ கேக்கறேன் அத்திகே. அங்கே... தனியா எப்படி இருந்தீங்க?"

பாகீரதி மொச்சை முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள்.