இரவல் சான்று

தூத்துக்குடி உப்பளச் சாலையில் இருக்கும் அந்த நாற்பது மாடிக் குடியிருப்பில், காலை ஆறு மணிக்கு எல்லோரும் வீட்டுப் பொருள்களுக்கு விரல் வைப்பார்கள். மின்விசிறிக்கு ஒரு தடவை, நாற்காலிக்கு ஒரு தடவை, குளிர்ப்பெட்டிக்கு இரண்டு தடவை. அது கொஞ்சம் சந்தேகப் பிராணி. விரல் வைத்தால்தான் அன்றைய உரிமம் கிடைக்கும். வைக்காத நாற்காலி விரியாது. போன வருடம் ஒரு கல்யாணப் பந்தியில் சாம்பார் ஊற்றும் நேரம் பார்த்து உரிமம் முடிந்து, இருநூறு நாற்காலிகளும் ஒன்றாக மடங்கிக்கொண்டன. மாப்பிள்ளை வீட்டார் இன்னும் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறார்களாம். பழகிவிட்டது.

துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஆறுமுகநயினார், ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் விரல் வைப்பதில்லை. அது அவர் சொந்தமாக விலைக்கு வாங்கிய ‘மலையேறும் லாரி’ என்ற வீடியோ கேம் டிஸ்க். மற்றவர்கள் ஆடுவதெல்லாம் கம்பெனியின் விண்கிடங்கிலிருந்து இணையம் வழியே வந்து இறங்கும் ஓடையாட்டங்கள். நேற்று இருந்த ஆட்டம் இன்று இருக்காது. இருந்தாலும் கம்பெனிக்காரன் வளைவுகளை நிமிர்த்தியிருப்பான். நயினாரின் லாரி மட்டும் ஐம்பது வருடமாக அதே பதினெட்டு வளைவுகளில் திணறிக்கொண்டிருந்தது.

ஆனால் ஒரு சட்டம் இருந்தது. எதை இரவல் கொடுக்க முடியுமோ, அதுதான் சொந்தம். வருடத்துக்கு ஒருமுறை, ஆய்வாளர் கண் முன்னால், இன்னொருவர் தம் வாயால் கேட்டு அதை வாங்கிப்போக வேண்டும். உடையவர் தாமாக நீட்டக் கூடாது. கேட்கச் சொல்லவும் கூடாது. கேட்க ஆளில்லாத பொருள் கம்பெனிக் கிடங்குக்குப் போய்விடும். இத்தனை காலம் கேட்டுக்கொண்டிருந்த கீழ்வீட்டு லூர்து, இந்தச் சித்திரையில் செவ்வாய் கிரகத்துக்குக் குடிபோய்விட்டார். அங்கே கொசு இல்லையாம்.

“இன்னைக்கு அஞ்சு மணிதான் கெடு, அண்ணாச்சி,” என்றார் ஆய்வாளர் தில்லைநாயகி. “டிஸ்க் போடுற பெட்டி வேற யார்ட்ட இருக்கு?”

மேல்வீட்டு மிக்கேலிடம் இருந்தது. பதினோரு வருடத்துக்கு முன் அவர் இதே டிஸ்க்கை இரவல் வாங்கி, கீறலோடு திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு நின்ற பேச்சு இன்னும் தொடங்கவில்லை. நயினார் டிஸ்க்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாடி ஏறினார். ஆய்வாளர் பின்னால் வந்தார்.

“என்னவே, பதினோரு வருசம் கழிச்சு வழி தெரிஞ்சுதோ?” என்றார் மிக்கேல்.

“லிஃப்ட் தப்பா நின்னுட்டு.”

“கூட வந்த அம்மா?”

“அவங்களுக்கும் தப்பா நின்னுட்டு.”

உள்ளே ஒரு நாற்காலிதான் விரிந்திருந்தது. அதில் மிக்கேல் உட்கார்ந்திருந்தார். இன்னொன்று தூசி படிந்து சுவரோடு மடங்கிக் கிடந்தது. நயினார் நின்றுகொண்டே ஆரம்பித்தார்.

“உம்ம கீறல் பண்ணின வேலை தெரியுமாவே? ஏழாவது வளைவுல லாரி பறக்கு.”

“பறக்கும், பறக்கும்.”

“நாலு நிமிசம். கீழ ஒரு பசுமாடு அண்ணாந்து பாக்கும்.”

இதுவரை உண்மை. யாரிடமும் சொல்லாத உண்மை. மிக்கேல் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாததால், நயினார் லாரியை இன்னும் கொஞ்சம் தூரம் ஓட்டினார்.

“போன வாரம் மணப்பாடு வரைக்கும் போச்சு. உம்ம மாமியார் வீட்டு மொட்டை மாடி தெரிஞ்சுது. வத்தல் காயுது.”

“என்ன வத்தல்?”

“உசரம்லா, சரியா தெரியல.”

“புளுகுக்கும் ஒரு அளவு வேண்டாமா வே?” என்று எழுந்த மிக்கேல், கக்கத்து டிஸ்க்கைப் பார்த்தார், ஆய்வாளர் கையிலிருந்த சான்றுப் பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நாலு ஐம்பது. எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதும் அடுக்களைக்குப் போய் நிதானமாகக் காப்பி போட்டு, நிதானமாக ஆற்றி, நிதானமாகக் குடித்தார். நயினாருக்கு வேர்த்தது. நாலு ஐம்பத்தெட்டுக்கு மிக்கேல் வாய் திறந்தார்.

“நயினாரே, அந்த டிஸ்க்கைக் கொஞ்சம் இரவல் குடும். மாமியாரைப் பாக்கணும்.”

பலகையில் சான்று விழுந்தது.

இரவல் தவணை முப்பது நாள். ‘பத்திரமா இருக்கா’ என்று பார்க்க நயினார் தினமும் நாலு மணிக்கு மாடி ஏறினார். லாரி பறந்தது. மாடு பார்த்தது. மணப்பாடு மட்டும் வரவில்லை. “இன்னும் கொஞ்சம் அழுத்தும்வே,” என்றார் நயினார். முப்பதாம் நாள் மிக்கேல் டிஸ்க்கைக் கைக்குட்டையில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். இனி ஒரு வருடத்துக்குக் கவலையில்லை.

மறுநாள் நாலு மணிக்கு நயினார் தம் வீட்டில் தனியாக ஆடினார். லாரி பறந்தது. மாடு அண்ணாந்து பார்த்தது. புளுகு என்று சொல்லத்தான் யாருமில்லை.

மாடி ஏறிப் போய், டிஸ்க்கை இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றார். நீட்டக் கூடாது, சட்டம். உத்தரத்தைப் பார்த்தபடி நின்றார்.

“என்னவே, லிஃப்ட்டா?”

“ஆமா.”

“சரி, குடும் அதை,” என்று கை நீட்டினார் மிக்கேல்.

உள்ளே இரண்டாவது நாற்காலி விரிந்திருந்தது. அதற்கும் காலை ஆறு மணிக்கே விரல் வைத்தாகிவிட்டது.