கம்ப்ரசர் காற்றில் தைல வாசனை

சட்டைத் தூசியை ஊதிவிடக் காற்றுக் குழாயைத் திருப்பிய ஆபரேட்டர், விசையில் இருந்த விரலைச் சட்டென்று எடுத்தார்.

தைல வாசனை.

கம்ப்ரசர் காற்றுக்கு வாசனை கிடையாது. மிஞ்சிப்போனால் கொஞ்சம் இரும்பு வாடை, கொஞ்சம் வெதுவெதுப்பு. பதினேழு வருஷமாக ஆலைக்குக் காற்று அனுப்புகிறவர் அவர். பட்டறையில் துளை போடும் கருவி முதல் பெயிண்ட் அடிப்பவர்களின் முகமூடி வரை எல்லாம் அவருடைய காற்றுதான். அது இப்படி மூக்கில் ஏறி நெற்றிப்பொட்டைத் தொட்டதே இல்லை. மறுபடி அழுத்தினார். வெறும் காற்று. மூன்றாவது முறை, யாரோ பின்னால் வந்து சத்தமில்லாமல் நின்றதுபோல, மெல்ல மெல்ல அதே வாசனை.

அந்த வாசனைக்கு ஆலையில் ஒரே ஒரு சொந்தக்காரன். அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. வருஷம் முந்நூற்று அறுபத்தைந்து நாளும் மூக்கடைப்பு, சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு தைல பாட்டில். ஃபிட்டராகச் சேர்ந்த முதல் வாரமே அவன் பெயர் ‘தைலம்’ ஆகிவிட்டது. சேர்த்துவிட்டவர் ஆபரேட்டர்தான்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. இன்றைக்கு வெள்ளி.

போன் அடித்தது. மனைவி.

“ஏங்க, ஏதாவது தெரிஞ்சுதா?”

“விசாரிச்சுட்டுத்தான் இருக்கேன்.”

“நாலு நாளா இதையேதான் சொல்றீங்க. நான் பாத்துக்கறேன்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனீங்க?”

“நீ சாப்பிட்டியா?”

போனை வைத்துவிட்டிருந்தாள்.

ஆபரேட்டர் நேராக சூப்பர்வைசரின் கண்ணாடி அறைக்குப் போனார்.

“சார், செவ்வாய்க்கிழமை தைலத்துக்கு என்ன வேலை குடுத்தீங்க?”

“எத்தனை தடவைய்யா சொல்றது? வந்தான். பத்து மணிக்குக் கிளம்பிட்டான்.”

“முந்தாநாள் கேட்டப்ப வரவே இல்லைன்னு சொன்னீங்க.”

சூப்பர்வைசரின் பேனா நின்றது. “வந்தானோ, வரலையோ! நான் என்ன அவனுக்கு ஆயாவா? தைலம் தேய்ச்சுவிட எவளாவது கிடைச்சிருப்பா, ஓடிட்டான். அடுத்த வருஷம் கைக்குழந்தையோட வந்து நிப்பான், பாரு. அதுக்கும் மூக்கடைப்பு இருக்கும்.”

சிரித்தார். சிரிப்பின் நடுவிலேயே அவர் பார்வை ஜன்னல் பக்கம் ஒருமுறை போய்விட்டு வந்தது. ஜன்னலுக்கு அந்தப்புறம் ஃபில்டர் ரூம்.

கம்ப்ரசர் கூடத்தின் பின்சுவரை ஒட்டிய தகர அறை அது. வெளிக்காற்று அங்கே ஆளுயரத் துணிப் பைகளில் தூசி நீங்கி, ஓர் ஆள் தவழ்ந்து போகிற அகலக் குழாய் வழியாகப் பெரிய கம்ப்ரசருக்குள் சுழலும் சக்கரத்தின் நடுக்கண்ணுக்குள் இழுக்கப்படும். சக்கரம் அதைச் சுழற்றி விளிம்புக்கு வீசும். வீசப்பட்ட காற்று ஓட வழியில்லாமல் முட்டி மோதி, நெருங்கி, இறுகி டாங்கியில் அடையும். தைலம் இதைத் தன் பாணியில் சொல்வான்: “சும்மா திரியற காத்தைப் பிடிச்சுத் தட்டாமாலை சுத்தவிட்டு, தலை கிறுகிறுன்னு வரும்போது டாங்கில போட்டு அமுக்கிடறோம். பாவம் மாமா அது.”

உள்ளே வேலைக்குப் போகிறவன் மெயின் ஸ்விட்சை அணைத்துத் தன் பூட்டை மாட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கொரு பூட்டு, பெயர் எழுதிய அட்டையோடு. அந்தப் பூட்டு தொங்கும்வரை ஆண்டவனே வந்தாலும் மிஷினைப் போட முடியாது.

செவ்வாய் மத்தியானம் ஷிஃப்டுக்கு வந்து பெரிய மிஷினைப் போட்டவர் ஆபரேட்டர்தான். அப்போது ஸ்விட்சில் தைலத்தின் பூட்டு இல்லை. நன்றாக ஞாபகம் இருக்கிறது. தொங்கியது அவருடைய பூட்டு. முந்தின நாள் எண்ணெய் மாற்றும்போது மாட்டியதை மறந்துவிட்டோம், காலை முழுக்க மாற்றுக்கு வைத்திருக்கும் சின்ன மிஷினையே ஓட்டியிருக்கிறார்கள் என்று தலையில் தட்டிக்கொண்டு திறந்தாரே! ஆக, தைலம் உள்ளே போயிருந்தால், அதற்கு முன்பே யாரோ அவன் பூட்டை எடுத்திருக்க வேண்டும். சூப்பர்வைசரின் மேஜைக்கடியில் ஒரு பெரிய கட்டர் கிடந்தது. எதையும் வெட்டும்.

தைலத்தின் அலமாரியை நெம்பித் திறந்தார். ஒரு சட்டை. ஒரு சீப்பு. அடியில், சாவியோடு, அவனுடைய பூட்டு. வெட்டுப்படாமல், முழுசாக.

இது எப்படி இங்கே வந்தது? திறந்து எடுத்து, யாருக்கும் தெரியாமல் இங்கே வைத்தது யார்? பூட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கையும் களவுமாகப் பிடிக்க ஒரு தடயம்.

சாப்பாட்டுச் சங்கு ஊதியது. அரைமணி நேரம் யாருக்கும் காற்று வேண்டாம். பெரிய மிஷினை நிறுத்தினார். ஸ்விட்சை அணைத்து, கைக்கு அகப்பட்ட பூட்டை மாட்டினார். தைலத்தின் பூட்டு. சாவி தன் பையில். போதும்.

நிறுத்தினாலும் சக்கரம் உடனே நிற்காது. ஊளை தேய்ந்து, முனகலாகி, உள்ளங்கையில் நடுக்கமாகி, நான்கு நிமிடத்தில் அடங்கும். அடங்கியபின் ஃபில்டர் ரூம் கதவை இழுத்தார். மிஷின் ஓடும்போது அந்தக் கதவை உள்ளேயிருந்து எத்தனை பேர் தள்ளினாலும் திறக்காது. காற்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

உள்ளே வெளிச்சம் பழுப்பாக இருந்தது. ஈரத் துணிகள்போலத் துவண்டு தொங்கிய பைகள். தரையில் மாவு மாதிரித் தூசி. தூசியில் ஒரு ஜோடி செருப்புத் தடம், குழாய் வாயை நோக்கி.

போன தடம் இருந்தது. திரும்பிய தடம் இல்லை.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு முழங்காலில் தவழ்ந்தார். குளிர்ந்த இரும்பு. தன் மூச்சின் எதிரொலி. குழாயின் கடைசியில் சக்கரம், கழுவித் துடைத்த பாத்திரம்போலப் பளபளத்தது. ஒரு நட்டு உள்ளே போனாலே தூள்தூளாகும் சக்கரம். ஒரு கீறல் இல்லை. ஒரு கறை இல்லை.

அப்பாடா. இங்கே எதுவும் நடக்கவில்லை.

டார்ச் வெளிச்சம் கீழே இறங்கியது. சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால் தைல பாட்டில் மூடியோடு நின்றிருந்தது. நான்கு நாள் புயலில் அசையாமல். பக்கத்தில் ஒரு சாவி.

சாவியில் கட்டிய அட்டையில் இருந்தது ஆபரேட்டரின் கையெழுத்து.

அவருடைய பூட்டுக்கு இரண்டு சாவி. ஒன்று அவர் இடுப்பில். இன்னொன்று எப்போதும் பூட்டிலேயே தொங்கும், ஸ்விட்சுக்குக் கீழே உள்ள மேஜை இழுப்பறையில்.

தைலம் தன் பூட்டை அலமாரியிலேயே மறந்திருக்கிறான். கைக்கு எட்டிய மாமாவின் பூட்டை மாட்டியிருக்கிறான். சாவியோடு உள்ளே போயிருக்கிறான்.

யாரும் பூட்டை வெட்டவில்லை.

திறந்தது அவர். மிஷினைப் போட்டது அவர்.

சக்கரம் அசைந்தது.

டாங்கியின் காற்று திரும்பி வராமல் தடுக்கும் வால்வு கசிந்தால் சக்கரம் பின்னோக்கிச் சுற்றும். அவருக்குத் தெரியும். பதினேழு வருஷம். வால்வு. வால்வுதான்.

மெதுவாக. தலைகீழாக. நடுக்கண்ணிலிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. தைல வாசனை. கண்ணில் நீர் வந்தது. காற்றோடு ஒரு கீச்சொலி, கொசுவின் ரீங்காரம்போல. சக்கரம் சுற்றச் சுற்ற அது பிரிந்தது. தடித்தது. இறுக்கிச் சுருட்டிய ஏதோ ஒன்று தன் பழைய அளவுக்கு விரிந்துகொண்டிருந்தது.

மூக்கடைத்த குரல்.

“மாமா.”

பின்னால் நகர்ந்தார். கால் எதிலோ முட்டியது. திரும்பிப் பார்த்தார். துணிப் பைகள் எல்லாம் உப்பியிருந்தன. குழாய் வாயை அடைத்து நின்ற பையில், துணியின் மறுபுறமிருந்து ஒரு நெற்றி. ஒரு மூக்கு. வாய். வாய் துணியை உறிஞ்சியது. விட்டது. உறிஞ்சியது.

தகரச் சுவருக்கு வெளியே சூப்பர்வைசரின் குரல். “யாருய்யா மிஷினை நிறுத்தினது? ஓடிப்போனவன் பூட்டு இங்க எதுக்குத் தொங்குது?”

ஆபரேட்டர் கத்த வாயைத் திறந்தார். வெதுவெதுப்பான காற்று உள்ளே புகுந்து நெஞ்சுவரை இறங்கியது. குரல் எழும்பவில்லை.

வெளியே கட்டர் கடித்தது. டக்.

சக்கரம் நின்றது. அந்த ஒரு நொடி நிசப்தத்தில், காதோரத்தில், செவ்வாய்க்கிழமை தனக்குத்தானே சொல்லிக்கொண்டதை அப்படியே திருப்பிச் சொல்வதுபோல, ரொம்ப அன்பாக:

“பயப்படாதீங்க மாமா. தொங்கறது உங்க பூட்டு. யாரும் தொட மாட்டாங்க.”

நான்கு நாளாக அசையாத தைல பாட்டில் ஒருமுறை ஆடி, சாய்ந்தது. பிறகு, சக்கரத்தின் கண்ணை நோக்கி, தானாக உருளத் தொடங்கியது.