திருத்தம் ஏற்கப்பட்டது

பாட்டை நிறுத்திய பிறகும் அட்டைச் சன்னல் மறையவில்லை.

ஸ்டூரே ஹால்கிரென் அதை ஒரு பிழை என்றே எடுத்துக்கொண்டார். அவர் கண்ணில் படுவதெல்லாம் பிழைதான். வானொலி நிலையத்தின் இசைத்தட்டுக் கிடங்கில் இருபத்தொன்பது வருடம் பட்டியல் எழுதி ஓய்வுபெற்ற மனிதருக்கு வேறென்ன தெரியும். கணினித் திரையின் வலது மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னச் சன்னல், எந்த இசைத்தட்டு ஓடுகிறதோ அதன் அட்டைப்படத்தைக் காட்டும். கீழே பாடியவர் யார், என்ன குரல், எங்கே பதிவானது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று வரிவரியாகச் சொல்லும். பாட்டு நின்றால் படமும் போய்விடும். இன்று போகவில்லை. பிற்பகல் மூன்றுதான் ஆகியிருந்தது, ஆனால் நவம்பர் கடைசியில் ஃபாலுன் ஊருக்கு அதுவே அந்தி. வெந்நீர்க் குழாய் சுவருக்குள் டிக் டிக்கென்று விரிவதும், இங்கெலா மாட்டிவைத்த காகித நட்சத்திரத்துக்குள் பல்பு ரீங்காரமிடுவதும், அடிப்பிடித்த காப்பியின் கசந்த வாசனையும் அறையை நிறைத்திருக்க, அந்த மூலையில் அவர் போடாத இசைத்தட்டு ஒன்றின் அட்டைப்படம் நின்றுகொண்டிருந்தது.

சாம்பல் நிறப் படம். ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பனிச்சாலை. பனி அள்ளும் வண்டிக்கு ஓரம் தெரிவதற்காக நட்டுவைக்கும் கம்புகள் சாலை நெடுக. ஒரு கம்பு மட்டும் வரிசை பிசகி, மற்றவற்றைவிட உயரமாக, சற்றே சாய்ந்து நின்றது. படம் எடுத்தவனுக்குக் கண் பிடரியிலா இருந்தது என்று ஸ்டூரே உதட்டைச் சுழித்தார். பிறகு கீழே படித்தார்.

தலைப்பு: வீடு திரும்பல். பாடியவர்: இங்கெலா ஹால்கிரென். குரல்: மேல்ஸ்தாயி. பதிவான இடம்: பெருஞ்சாலை. முடிந்த நேரம்: 4.52.

அவர் மூக்கால் சிரித்தார். தன் மனைவியின் பெயரை அங்கே பார்த்ததில் அவருக்கு ஆச்சரியத்தைவிட இளக்காரம்தான் அதிகம். ஒரு பல் டாக்டர், ஒரு தபால்காரி, இரண்டு விதவைகள், காது மந்தமான ஒரு ஆர்கன்காரர். வாரம் ஒருமுறை அவளோடு ஸ்வேர்ட்ஷோ தேவாலயத்தில் கூடிக் கத்துகிற இந்தப் பாட்டுக் கும்பல் இசைத்தட்டு வேறு போட்டுவிட்டதா? அதை வெட்கமில்லாமல் பதிவேட்டில் ஏற்றவும் ஒரு மடையன் கிடைத்தானா?

மதியம் பயிற்சிக்குக் கிளம்பும்போது அவள் கழுத்துக்குச் சிவப்புத் துணியைச் சுற்றிக்கொண்டே அந்தக் கிறிஸ்துமஸ் பாட்டை முணுமுணுத்தாள். மூன்றாம் வரியின் கடைசிச் சுரம் வழக்கம்போல இறங்கியது.

"ஒரு நூல் இறங்குது" என்றார் ஸ்டூரே, தலையை நிமிர்த்தாமல்.

"முப்பத்துநாலு வருஷமா இறங்குது. நீயும் முப்பத்துநாலு வருஷமா கேட்டுட்டுத்தான் இருக்கே" என்று சிரித்தாள். "அந்த ஒரு சுரம் சரியா வந்துட்டா என்னை உனக்கு அடையாளமே தெரியாது, ஸ்டூரே."

கார் கிளம்பிப் போனது. இன்றைக்குக் கேட்க வேண்டிய கடைசி அபசுரம் அதுதான் என்று நிம்மதியாகத் தன் நாற்காலிக்குத் திரும்பியிருந்தார்.

குரல் மேல்ஸ்தாயியாம். மண்ணாங்கட்டி. அவள் கீழ்ஸ்தாயிக்காரி என்பது அந்த ஆர்கன்காரருக்கே தெரியும். தவறான வரியைப் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பது, பல்லில் சிக்கிய நாரோடு தூங்கப் போவது போல அவருக்கு. இந்தச் சன்னலுக்கு விவரம் தருகிற பொதுப் பதிவேட்டில் பதினோராயிரம் திருத்தங்கள் அவர் பெயரில் இருக்கின்றன. ஒருவர் திருத்தினால் இன்னொரு உறுப்பினர் சரிபார்க்க வேண்டும், அவ்வளவுதான். அவர் 'கீழ்ஸ்தாயி' என்று மாற்றினார்.

ஒரு நிமிடத்தில் ஊமியோவிலிருந்து ஈவர் சரிபார்த்துவிட்டான். "நீங்க சொன்னா தப்பாகுமா, ஸ்டூரே!" என்று ஒரு வரி வேறு. பள்ளிக்கூட வாத்தியார் அவன். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏதோ ஒரு பழைய கோஷ்டிப் பாட்டில், செத்துப்போன தன் தாயும் பாடினாள் என்று அவள் பெயரைச் சேர்த்திருந்தான். ஆதாரம் அவன் காது மட்டும்தான். எல்லோரும் பார்க்க ஸ்டூரே அந்தப் பெயரை நீக்கினார், 'இரக்கத்துக்காக எந்த வரியும் பதிவேட்டில் நிற்காது' என்று எழுதினார். அன்றிலிருந்து ஈவர் நாய்க்குட்டி மாதிரி அவர் பின்னாலேயே வந்து, அவரைப் போலவே குற்றம் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். அடிமை புத்தி என்று ஸ்டூரே நினைத்துக்கொள்வார்.

'திருத்தம் ஏற்கப்பட்டது' என்றது சன்னல். படம் துலங்கியது.

கண்ணாடியில் படிந்த ஆவியை யாரோ உள்ளங்கையால் துடைத்த மாதிரி இருந்தது. சாலை தெளிவாயிற்று. இடப்புறம் உறைந்த ஏரியும், கரையில் கூரை சரிந்த சிவப்புப் படகுக் கொட்டகையும் தெரிந்தன. இது பெருஞ்சாலையே அல்ல. ஏரி ஓரத்துப் பழைய சாலை. எந்த மூடன் இதைப் பெருஞ்சாலை என்று எழுதினான்? சாய்ந்த கம்பு இப்போது சாலைக்கு இரண்டு முழம் உள்ளே நின்றதை அவர் பார்க்கத்தான் பார்த்தார். முன்பு தான் சரியாகக் கவனிக்கவில்லை என்று எண்ண, வாழ்க்கையில் முதன்முறையாக, அவர் தயாராக இருந்தார்.

'பதிவான இடம்: ஏரிச்சாலை.' ஈவர் சரிபார்த்தான். ஏற்கப்பட்டது.

ஒலிபெருக்கி தானாகக் கரகரத்தது. முதலில் மழைத்துடைப்பான் கண்ணாடியைத் தேய்க்கிற சத்தம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அதற்கடியில் ஒரு பெண்குரல் வாய் திறக்காமல் முணுமுணுத்தது. மூன்றாம் வரியில் சுரம் ஒரு நூல் இறங்கியது. அந்தச் சறுக்கலை அவர் கல்லறைக்குள்ளிருந்தும் அடையாளம் சொல்வார். காப்பிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டுத் திரையை நெருங்கினார்.

முடிந்த நேரம் 4.52. அதுவும் தப்பு. பயிற்சி முடிந்து அவள் நான்கு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். விரல் பழக்கத்தில் அந்த வரிக்குப் போனது. அப்போது கைப்பேசி அடித்தது.

"ஸ்டூரே, நான்தான். பெரிய ரோட்டுல மரம் ஏத்தின லாரி சாஞ்சு கிடக்கு. இப்பத்தான் சாஞ்சுதாம். எல்லா வண்டியையும் ஏரி ரோட்டுல திருப்பி விடறாங்க."

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"போகாதே" என்றார்.

"என்னது?"

"அந்த ரோட்டுல போகாதே. திரும்பிப் போ. அந்தப் பல் டாக்டர் வீட்டுல போய் உக்காரு."

"நீ அவரைக் கழுதைன்னு சொல்லுவியே. அங்க போய் உக்காரணுமா?" அவள் சிரித்தாள். "என்ன ஆச்சு உனக்கு? எனக்காகப் பயப்படறியா?"

என்னவென்று சொல்வது? அட்டைப்படத்தில் ஒரு கம்பு நகர்ந்தது என்றா? இப்படி யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் அவனைப் பதிவேட்டைவிட்டே துரத்தியிருப்பார். "நீ... நீ நல்லா ஓட்ட மாட்டே" என்றார். அவருக்கு வாயில் வந்தது அதுதான்.

"அதானே பார்த்தேன்" என்றாள் இங்கெலா. "சாயங்காலம் பார்க்கலாம்." பழைய சாலையில் காடு தொடங்கினால் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. அவர் ஆறு முறை அடித்தார். எடுக்கவில்லை.

மணி 3.34.

மூளை ஒரு பட்டியல்காரனின் மூளை. பயத்திலும் அது வரிசைப்படிதான் வேலை செய்தது. வரிகள் தப்பாக இருந்தவரை அவளுக்கு ஒன்றுமில்லை. திருத்தத் திருத்த உண்மையானது. இன்னும் ஒரு தப்புதான் பாக்கி. அதைத் தொடக்கூடாது. மற்றவற்றைக் கெடுத்துவிட வேண்டும்.

குரலை மேல்ஸ்தாயி என்று மாற்றினார். இடத்தைப் பெருஞ்சாலை என்று மாற்றினார். பதிவையே அழிக்கப் பார்த்தார். முடியாது. எதையும் அழிக்கக்கூடாது என்ற விதியை அங்கே எழுதிவைத்தவரே அவர்தான். சொந்தக் காசில் சூனியம். கணினியை அணைக்கலாம், ஆனால் அணைத்தால் ஈவரைத் தடுக்க முடியாது.

ஈவர் இரண்டையும் திருப்பி அனுப்பியிருந்தான். "ஸ்டூரே, விளையாடறீங்களா? படத்துல ஏரி ரோடு பளிச்சுன்னு தெரியுது. என்னைச் சோதிச்சுப் பார்க்கறீங்கதானே?"

"விட்டுடு. தப்பாவே இருக்கட்டும்."

"ஆதாரம்?"

"ஆதாரம் இல்லை. அது என் மனைவி. தயவு செய்து."

தயவு செய்து என்று அவர் அங்கே எழுதியது அதுதான் முதல் தடவை. பதில் வரத் தாமதமானது. குழாய் டிக்கென்றது. துடைப்பான் தேய்த்தது. முணுமுணுப்பு முதல் வரிக்குத் திரும்பியது.

படம் இன்னும் துலங்கியிருந்தது. அது காருக்குள்ளிருந்து எடுத்த படம் என்று இப்போது புரிந்தது. இடது ஓரத்தில் சிவப்புக் கழுத்துத்துணி. ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்த கை. கண்ணாடிக்கு அப்பால் விளக்கொளியில் பனி. நடுச்சாலையில் கம்பு. கம்புக்குத் தோள் இருந்தது.

மணி 3.49.

"எங்கம்மா பேரை நீக்கினப்போ ராத்திரி முழுக்க அழுதேன்" என்று எழுதியிருந்தான் ஈவர். "ஆனா நீங்க செஞ்சதுதான் சரி. இரக்கத்துக்காக எந்த வரியும் நிக்காது. உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். அப்புறம் ஒரு நல்ல சேதி! நீங்களே கவனிக்காத ஒரு தப்பைக் கண்டுபிடிச்சேன்! முடிந்த நேரம் 4.52னு போட்டிருக்கு. காருக்குள்ள கடிகாரத்தைப் பெரிசு பண்ணிப் பாருங்க. 3.52. திருத்திட்டேன். நம்ம உறுப்பினர் ஊர்சுலா சரிபார்த்துட்டாங்க."

"வேண்டாம்" என்று ஸ்டூரே தட்டினார். எழுத்துகள் மாறி மாறி விழுந்தன. வாயாலும் சொன்னார். வேண்டாம். வேண்டாம்.

திருத்தம் ஏற்கப்பட்டது.

3.51.

இரண்டாம் வரி. மூன்றாம் வரி. துடைப்பான். மூச்சு. அந்தச் சுரத்துக்கு ஏறப் போகிறாள். இறங்கட்டும் என்று கெஞ்சினார். இன்னொரு முறை இறங்கட்டும். என் கண்ணே, இறங்கட்டும்.

3.52.

கடைசிச் சுரத்துக்கு முன் குரல் அறுந்தது.

துடைப்பான் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்தது.

அவர் எவ்வளவு நேரம் அப்படியே இருந்தார் என்று தெரியவில்லை. காகித நட்சத்திரம் ரீங்கரித்தது. கார் வந்த சத்தம் எதுவும் இல்லை. ஆனால் வாசற்படியில் காலணிப் பனியை உதறும் சத்தம் கேட்டது, இரண்டு தட்டு, அவள் தட்டுகிற மாதிரியே. சாவி திரும்பியது. ஈரக் கம்பளியின் வாசனையும், அதோடு ஏரி அடிச்சேற்றின் வாசனையும் நடைவழியில் வந்தன.

"ஸ்டூரே" என்றது குரல். கீழ்ஸ்தாயி. கொஞ்சம்கூடப் பிசிறு இல்லை.

அவர் திரும்பவில்லை. திரையைப் பார்த்தார். எல்லா வரிகளும், சரிபார்த்ததற்கு அடையாளமாக, பச்சை. படத்தில் கார்க் கதவு திறந்து கிடந்தது. ஓட்டுபவர் இருக்கையில் சிவப்புத் துணி, அதன்மேல் பனி. சாலையின் இருபுறமும் கம்புகள் ஒழுங்காக, ஒரே உயரத்தில் நின்றன. வரிசை பிசகிய அந்த உயரக் கம்பு மட்டும் அங்கே இல்லை.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில், அது விட்ட இடத்திலிருந்து முணுமுணுக்கத் தொடங்கியது. மூன்றாம் வரியின் கடைசிச் சுரம் ஒரு நூல்கூட இறங்காமல் சரியாக வந்து நின்றது.