ஆளுக்கு ஒன்று

கொடியில் இரண்டு சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. இரண்டும் மஞ்சள், இரண்டும் ஒரே துணியில் நாலு வயதுப் பிள்ளை அளவுக்குத் தைத்தவை. மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியதும் டோர்சிலா பார்த்தது அதைத்தான். ஒடோங்கோவைப் புதைத்துப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது. செத்த பிள்ளையின் சட்டையைத் துவைத்து வைக்கிற தாய்மார்கள் உண்டு, அதில் ஒன்றுமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் கொடிக்கடியில் குனிந்து போகும்போது பார்த்தால், இரண்டின் கழுத்துப் பட்டையிலும் சோளக்கஞ்சிக் கறை. தேய்த்தும் போகாத புதுக்கறை.

"ரத்தம் குடிக்கிற சிஸ்டர் வந்துட்டாங்க" என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடினார்கள். ஏரிக்கரையில் மலேரியா மருந்து ஆராய்ச்சி தொடங்கிய நாளிலிருந்தே, விரலில் ஊசி குத்துகிறவர்களுக்கு ஊர் வைத்த பெயர் அது. வா, உன் ரத்தம் இனிக்குதான்னு பாக்கிறேன் என்று அவளும் துரத்துவது வழக்கம். இன்று துரத்தவில்லை.

பிள்ளைகளின் தாய் ரிஸ்பா காலையில் தொலைபேசியில் சொல்லியிருந்தாள், ஒபியோவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல் என்று. முதலில் வந்ததால் ஒபியோ, பின்னால் வந்ததால் ஒடோங்கோ. இந்த ஏரிக்கரையில் இரட்டையருக்கு வேறு பெயர் யார் வைப்பார்கள்.

காய்ச்சல் கண்டு ஆராய்ச்சியில் சேர்ந்தது ஒடோங்கோ மட்டும். மூன்று நாள் மருந்து, வேளைக்கு இரண்டு மாத்திரை. காலை வேளை ஆராய்ச்சி நிலையத்தில், நர்ஸ் கண்ணெதிரே. மாலை வேளை வீட்டில். டோர்சிலா போய்ப் பிள்ளை விழுங்குவதைப் பார்த்து, படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். முதல் மாலை போனாள். அடுத்த இரண்டு மாலையும் மழை, ஆற்றில் வெள்ளம். தொலைபேசியில் கேட்டாள், கொடுத்தாயிற்றா என்று. கொடுத்தாயிற்று என்றாள் ரிஸ்பா. 'என் முன்னால் விழுங்கினான்' என்று டோர்சிலா இரண்டு முறை எழுதினாள்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் மூளைக்கு ஏறிப் பிள்ளை போய்விட்டான்.

புதைத்த அன்று ரிஸ்பா அவள் தோளில் சாய்ந்துகொண்டு, குற்றம் சொல்லாமல், கணக்குக் கேட்காமல், நடந்ததைச் சொன்னாள். "ரெண்டு மாத்திரை குடுத்தீங்க சிஸ்டர். எனக்கு ரெண்டு புள்ளைங்க. ஆளுக்கு ஒண்ணு குடுத்தேன்."

அந்த ஊர் வழக்கம் அது. இரட்டையருக்கு எதைக் கொடுத்தாலும் சமமாகக் கொடுக்கவேண்டும், மீன் துண்டானாலும் அடியானாலும். ஒருவனுக்குக் குறைந்தால் கோபித்துக்கொண்டு போய்விடுவான், போகும்போது மற்றவனையும் கூப்பிடுவான். டோர்சிலாவும் இதே ஊர்க்காரிதான். இது அவளுக்குத் தெரியாததா? வந்து நின்றிருந்தால் ஒரு சொல்லில் தடுத்திருக்கலாம். நிலையத்தில் மருந்து பலிக்கவில்லை என்று பதிந்துகொண்டார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை.

இந்தப் பிள்ளையாவது பிழைக்கவேண்டும். அதற்காகத்தான் வந்திருக்கிறாள்.

வீட்டுக்குள் பகல் மூன்று மணிக்கே இருட்டு. தகரக் கூரையில் மழை அவிழ்த்துக் கொட்டத் தொடங்கியது. ஈரமண் சுவரின் வாடையும் ஒமெனா மீனின் வாடையும் மண்ணெண்ணெய்ப் புகையும் கலந்து கிடக்க, அதற்கெல்லாம் அடியில், காய்ச்சல்காரப் பிள்ளையின் தலையிலிருந்து வருமே, புளித்த பால் மாதிரி, அந்த வாடை. மூலையில் நீலக் கொசுவலை. அதற்குள் ஒபியோ சுவரோடு சுவராக ஒட்டிப் படுத்திருந்தான். பாயில் மீதி இடம் காலியாக இருந்தது.

"நடுவுல படுடா ராசா" என்றாள் டோர்சிலா.

"இடம் இல்ல" என்றான் ஒபியோ.

சுரம் நூற்றிரண்டைத் தாண்டியிருந்தது. விரலில் குத்திச் சோதித்தாள், மலேரியாதான். நிலையத்து வண்டியைக் கேட்டால், மலையில் பெய்த மழையில் ஆறு இப்போதுதான் ஏறியது, வடிந்ததும் வருகிறோம் என்றார்கள். அதுவரை காத்திருக்க முடியாது. இரண்டு மாத்திரையை எடுத்தாள். ரிஸ்பா கதவோரம் நின்று மெதுவாகக் கேட்டாள்: "ரெண்டையும் இவனுக்கேவா?"

"ரெண்டும் இவனுக்குத்தான்மா. நீங்க அடுப்பப் பாருங்க. நான் இங்கயே இருக்கேன்."

பையன் சமர்த்தாக விழுங்கினான். வாயைத் திறந்து, நாக்கை நீட்டி, கன்னத்தின் உட்பக்கம் வரை காட்டினான். ஒன்றுமில்லை. இனி அரைமணி நேரம் வாந்தி வராமல் இருக்கவேண்டும். வந்தால் மறுபடி கொடுக்கவேண்டும்.

பத்து நிமிடத்தில் வந்தது. தண்ணீர் இல்லை, கஞ்சி இல்லை. ஒரே ஒரு மாத்திரை. கரையவில்லை, நனையக்கூட இல்லை. அட்டையிலிருந்து இப்போதுதான் பிதுக்கியதுபோல் அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"அது அவனுது" என்றான் ஒபியோ.

அதையே மறுபடி கொடுத்தாள். மறுபடி அதே. ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. கொசுவலை அசைந்தது, காற்று என்று நினைத்துக்கொண்டாள். கதவு சாத்தியிருந்தது.

பாதி மருந்தில் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். புதைமேட்டில் நின்று பார்த்தவள்.

பைக்குள் இன்னொரு அட்டை இருந்தது. வெகுநேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு நாலு மாத்திரையைப் பிதுக்கினாள். இரண்டை ஒபியோவின் வாயில் போட்டாள். மற்ற இரண்டையும் இடது உள்ளங்கையில் வைத்து, வலையைத் தூக்கி, பாயின் காலிப் பக்கத்தில் நீட்டினாள்.

மழை ஒரேயடியாய் இரைந்தது.

சூடு. முதலில் சூடுதான் தெரிந்தது, அடுப்புப் பக்கம் கை நீட்டினாற்போல். அப்புறம் உதடு. சின்ன, வெடித்த உதடு. நாக்கு ஒருமுறை உள்ளங்கையைத் துழாவியது.

மாத்திரை இல்லை.

அவள் அலறவில்லை. அழுகைதான் வந்தது. "உனக்கு அன்னிக்கே ரெண்டு குடுத்திருக்கணும், கண்ணு" என்றாள் காலி இடத்தைப் பார்த்து. "நான் வந்து பாக்கல. பாத்தேன்னு எழுதிட்டேன்." பன்னிரண்டு நாளாக யாரிடமும் சொல்லாதது. சொன்னதும் ஐந்து சின்ன விரல்கள் அவள் இடது கையைத் தேடி வந்து பிடித்துக்கொண்டன. கொதித்தன. அவள் விலக்கவில்லை. வலது கையில் ஒபியோவின் விரல்களை எடுத்துக்கொண்டாள்.

அரைமணி போயிற்று. வாந்தி இல்லை. இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் வியர்வை கசிந்தது. எந்தத் தாய்க்கும் தெரிகிற வியர்வை, சுரம் விடுகிறபோது வருவது. மாத்திரை இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யாது. அதை அவள் நினைத்துப்பார்க்க விரும்பவில்லை. இரண்டு பேரும் பிழைத்தார்கள் என்று ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நம்பினாள்.

"அவனுக்கு நல்லாயிருக்காம்" என்றான் ஒபியோ. முகம் தெளிந்திருந்தது.

"உனக்கு?"

"எனக்கும்."

வெளியே மழை ஓய்ந்தது. கூரை முனையில் சொட்டுச் சத்தம். இடது கையில் இருந்த சூடு போய், வெதுவெதுப்பாயிற்று. பிறகு அதுவும் போயிற்று. ஆற்றங்கரைக் களிமண் மாதிரி ஈரமாய், வழுவழுப்பாய். விரல் நகத்துக்குள் மண். அந்த மண் அவள் தோலில் உறுத்தியது.

"அவனுக்குக் குளிருதாம்" என்றான் ஒபியோ.

இழுத்தாள். வரவில்லை. நாலு வயதுப் பிள்ளையின் பிடி இல்லை அது.

"ஒபியோ, எந்திரிடா. எந்திரிச்சு அம்மாகிட்ட போ."

அவன் எழவில்லை. அவளைப் பார்த்துச் சிரித்தான், தூக்கம் வருகிற பிள்ளை சிரிப்பதுபோல. சுவரை விட்டு நகர்ந்து, காலி இடத்துப் பக்கம் புரண்டு, எதன் மேலோ கால் போட்டான். கால் பாயைத் தொடவில்லை. பாய்க்கு ஒரு சாண் மேலே நின்றது.

சமையல் பக்கமிருந்து ரிஸ்பா கேட்டாள், "சுரம் விட்டுச்சா சிஸ்டர்?"

விட்டிருந்தது. இரண்டு பேருக்கும். வலது கையில் ஒரு பிடி, இடது கையில் ஒரு பிடி. ஒரே அளவு. ஒரே ஈரம்.

"எனக்கும் குளிருது" என்றான் ஒபியோ.

அந்த இரண்டு சின்னக் கைகளும் இன்னும் குளிர்ந்துகொண்டே போயின.