தோண்டக் கூடாது

வேலை முடிந்து வந்து விளக்கைப் போட்டபோது வளையின் வாய் மூடியிருந்தது. காலையில்கூட, கண்ணாடிப் பெட்டியின் மூலையில், சாய்த்து வைத்த மரப்பட்டைக்கு அடியில், கட்டைவிரல் நுழையும் அகலத்துக்கு இருட்டாகத் திறந்திருந்த துளை அது. இப்போது அங்கே ஈரமான தேங்காய் நார்த்தூளையும் வெள்ளை இழைகளையும் சேர்த்துப் பிசைந்து, யாரோ உள்ளே நின்றுகொண்டு பூசி மெழுகியது போல ஓர் அடைப்பு. தண்ணீர்க் கிண்ணத்திலும் மண். அவள் தோளிலிருந்து பையை இறக்காமலே குனிந்து பார்த்தாள். மூடியின் ஓட்டைகள் வழியாக, நெடுநாள் பூட்டியிருந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை வந்தது.

உள்ளே இருந்தது ஒரு டரான்டுலா சிலந்தி. உள்ளங்கை அகலம், பழுப்பு ரோமம் அடர்ந்த கால்கள். தங்கை அதற்கு மாமியார் என்று பெயர் வைத்திருந்தாள். "மூலையில உக்காந்துக்கிட்டு எல்லாத்தையும் பாக்குது பாருக்கா. வேற என்ன பேரு வைக்கறது?" கணவன் வீட்டை விட்டு வந்த புதிதில் தங்கை சொன்ன ஒரே வேடிக்கை அது. அக்காவான அவள் தேவைக்கு மேல் சிரித்தாள். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்காமல் இருக்க அந்தச் சிரிப்பு உதவியது.

சின்ன வயதில் தங்கைக்கு வாயாடி என்றுதான் பேர். அம்மா போன பிறகு அந்த வாயாடிக்குத் தலை பின்னியதும், ஊட்டியதும், இருட்டைக் கண்டு அலறும்போதெல்லாம் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதும் அவள்தான். "பயமா இருக்குக்கா" என்ற ஒரு சொல் போதும், எந்த வேலையும் கையிலிருந்து விழுந்துவிடும். இப்போது அதே வாயாடி உள்ளறையில் தாழ் போட்டுக்கொண்டு கிடந்தாள். முதலில் சாப்பிட வெளியே வந்தாள். பிறகு அதுவும் நின்றது. ஒருநாள் கண்ணாடிப் பெட்டியைக் காலால் அறை வாசலுக்கு வெளியே தள்ளி, "மாமியாரை நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். சிலந்தி வளர்க்கும் பொறுப்பு அப்படித்தான் அவள் தலையில் விழுந்தது.

மறுநாள் கலர்மீன் கடைக்குப் போனாள். தங்கை அதை வாங்கியது அங்கேதான். கடைக்காரர் வலையால் ஒரு தொட்டியைக் கலக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டார்.

"செத்துப்போச்சோன்னு பயமா இருக்கு. தோண்டிப் பாக்கட்டுமா?"

"ஐயோ, அந்தக் காரியம் மட்டும் பண்ணிடாதீங்க மேடம். புதுசா வளக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பே அதுதான். இருக்கா போச்சான்னு கரண்டிய விட்டுக் கிளறுவாங்க. அது பாட்டுக்கு உசுரோட இருக்கும், இவங்களே குத்திக் கொன்னுடுவாங்க."

"எத்தனை நாளைக்கு இப்படி?"

"அது இஷ்டம். நாய்க்குட்டியா என்ன, பேரைச் சொன்னதும் வாலாட்டிக்கிட்டு வர? தண்ணி வையுங்க. கண்ணாடியத் தட்டாதீங்க. இரைக்குச் சில்வண்டு ஒண்ணு விடுங்க, தொடலன்னா எடுத்துடுங்க. தோண்டக் கூடாது. அவ்வளவுதான் பாடம்."

பொறுமை அவளுக்குப் புதிதில்லை. பல் செட் செய்யும் பட்டறையில் வேலை. அச்சில் ஊற்றிய பிளாஸ்டர் இறுகுமுன் அவசரப்பட்டுக் கழற்றினால் யாரோ ஒருவருடைய வாய் கோணிப்போகும். கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க அவளுக்குத் தெரியும். அந்த வித்தை வீட்டில் மட்டும் அவளுக்குக் கைகொடுத்ததே இல்லை. தங்கையின் கதவை எப்படியெல்லாம் தட்டியிருக்கிறாள். கெஞ்சி, திட்டி, ஒருமுறை தாழைக் கழற்ற ஆசாரியையே கூட்டி வந்து. அன்று உள்ளேயிருந்து வந்த அலறலில் ஆசாரி உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கிளறியிருக்கிறேன், என்று நினைத்துக்கொண்டாள். கரண்டியை விட்டுக் கிளறியிருக்கிறேன்.

அன்று மாலை தட்டுவதற்காக ஓங்கிய கையை இறக்கினாள். சோற்றுத் தட்டைக் கதவருகே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் நகர்ந்தாள். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். கண்ணாடிப் பெட்டியில் கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் வைத்தாள். உள்ளறை வாசலில் குடிதண்ணீர் வைத்தாள். இரண்டு வாசல்களுக்கும் ஒரே மரியாதை.

பலனும் கிடைத்தது. ஒருநாள் கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "என்னக்கா, இன்னிக்குக் கதவை உடைக்க ஆள் வரலையா?"

"வரல."

"பரவால்லயே. உனக்குக்கூடப் புத்தி வருது." ஒரு சின்னச் சிரிப்பு.

அவள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். இன்னும் கொஞ்சம் பொறுத்தால் தங்கை வந்துவிடுவாள். வெளியே வந்து, நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, பழையபடி ஊர்வம்பு பேசுவாள். உலகத்தில் அவளுக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

தங்கையின் முடி கொட்டுவதைத்தான் முதலில் கவனித்தாள். உள்ளறைக் கதவின் அடியில் நீள நீளமாக இழைகள். மனக்கவலையில் கொட்டுகிறது என்று வருந்தியபடி கூட்டித் தள்ளினாள். மறுநாள் அதே இடத்தில் மறுபடி இருந்தன. துடைப்பம் பட்டால் சில இழைகள் சுருண்டு வராமல் வில்லின் நாண்போல விறைத்து, பிறகு அறுந்தன. அறுந்ததும் உள்ளே ஏதோ நகர்ந்தது. பெரிதாக ஒன்றுமில்லை. துணி தரையில் இழுபடுவது போல.

தட்டும் மாறிக்கொண்டு வந்தது. பாதிச் சோறு மிஞ்சியது, பிறகு முக்கால். பிறகு தட்டு வைத்தபடியே, சோறு காய்ந்து, அப்படியே. தொடலன்னா எடுத்துடுங்க. எடுத்துவிட்டாள். கேட்க வாயெடுத்து, அடக்கிக்கொண்டாள்.

அப்புறம் அந்தக் குரல். செருப்பைத் தெருவாசலிலேயே விட்டு வெறுங்காலோடு, பூனைபோலத்தான் அவள் உள்ளே வருவாள். ஒரு அடிதான் வைத்திருப்பாள்.

"அக்கா, வந்துட்டியா?"

ஒவ்வொரு நாளும். முதல் அடியிலேயே.

ஒரு சாயங்காலம் வளையின் அடைப்பு திறந்திருந்தது. அவள் விளக்கைப் போடவில்லை. ஜன்னலில் மிச்சமிருந்த சாம்பல் வெளிச்சத்தில் பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சில்வண்டு ஒன்றை விட்டாள். துளையின் விளிம்பில் கால்நுனிகள் தெரிந்தன. ரோமம் மூடிய, மென்மையான, கையுறை விரல்கள் போன்ற நுனிகள். அசைவே இல்லை. இருக்கிறது, உயிரோடு இருக்கிறது என்று கண்ணாடிக்கு இன்னும் அருகே குனிந்தாள். சில்வண்டு மீசையை ஆட்டியபடி நடந்தது. நின்றது. இன்னும் கொஞ்சம் நடந்தது. மண்மேல் கண்ணுக்கே தெரியாத ஓர் இழையில் அதன் பின்னங்கால் பட்டது.

பிறகு சில்வண்டு அங்கே இல்லை. பாய்ந்ததை அவள் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, ஈரக் காகிதத்தை மெதுவாகக் கசக்குவது போல.

அவள் பின்னால், உள்ளறையில், தங்கை லேசாக மூச்சு விட்டாள். ருசியான எதையோ நினைத்துக்கொண்டவள் போல.

அடுத்த நாள் வேலை முடியுமுன்பே கிளம்பி, பட்டறையிலிருந்து நேராகக் கடைக்குப் போனாள். வெயில் இன்னும் அடங்கவில்லை.

"வந்துடுச்சா? சொன்னேன்ல!" கடைக்காரர் சில்வண்டுகளை ஒரு காகிதப் பையில் தட்டிப் போட்டார்.

"இவ்வளவு நாள் எதுக்குப் பயந்து ஒளிஞ்சிருந்தது?"

அவர் சிரித்தார். "பயமா? அதுக்கென்ன மேடம் பயம். தோல் உரிக்கறப்ப கொஞ்சம் அடைச்சுக்கும், அவ்வளவுதான். மத்தபடி அது ஒளியல, காத்துக்கிட்டிருக்கு. வாசல்லேருந்து நாலாப் பக்கமும் நூல் இழுத்து விட்டிருக்கும் பாருங்க. கண்ணு சரியாத் தெரியாது. நூல்ல கால வச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். சின்ன நடுக்கம் போதும். எவ்வளவு தூரம், எவ்வளவு பெருசு, எல்லாம் தெரிஞ்சுபோயிடும்." பையின் வாயை மடித்துக் கையில் கொடுத்தார். "நாம என்னமோ அதுக்காகப் பொறுமையா இருக்கறோம்னு நெனைக்கறோம். அதோட பொறுமைக்கு முன்னாடி நாமெல்லாம் எம்மாத்திரம்?"

வழியெல்லாம் பைக்குள் சில்வண்டுகள் சரசரத்துக்கொண்டு வந்தன. அவள் எதையும் நினைக்காமல் இருக்க முயன்றாள். பூட்டைத் திறந்தாள். செருப்பைக் கழற்றினாள். ஒரு காலைத் தூக்கினாள்.

அப்படியே நின்றாள்.

இந்த நேரத்தில் அவள் வீட்டுக்கு வந்ததே இல்லை. மேற்கு ஜன்னல் வழியாகச் சாய்ந்து விழுந்த வெயில் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் தெரிந்தது. தரையெங்கும் முடி. ஒற்றை ஒற்றை இழைகளாக, நுனியோடு நுனி முடிச்சுப் போட்டு, இழுத்துக் கட்டி. உள்ளறைக் கதவின் அடியிலிருந்து விசிறிபோல விரிந்து, மேஜைக் காலுக்கு ஒன்று, சமையலறை நிலைக்கு ஒன்று, அவளுடைய கட்டில் காலுக்கு ஒன்று. தூக்கிய அவள் பாதத்துக்கு நேர் கீழே ஒன்று. தலை பின்னிவிட்ட கைகளுக்கு அந்த முடியைத் தெரியாதா?

பைக்குள் சில்வண்டுகள் அடங்கிவிட்டன.

ஊன்றியிருந்த கால் நடுங்கியது. நிலைப்படியில் ஓர் இழை அந்தக் காலை உரசிக்கொண்டிருந்தது.

"அக்கா."

குரல் கதவுக்குப் பின்னால் நிற்கும் ஒருத்தியின் உயரத்திலிருந்து வரவில்லை. தரைக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

"சீக்கிரம் வந்துட்டியே."

தூக்கிய காலை அவள் இன்னும் இறக்கவில்லை.

"ஏன் நின்னுட்ட?"

தெருக்கதவு முதுகுக்குப் பின்னால் திறந்தே இருந்தது. வெளியே யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பினார்கள். யாரோ யாரையோ சாப்பிடக் கூப்பிட்டார்கள். திரும்பி ஒரே எட்டு வைத்தால் போதும்.

அப்போது தாழ் விலகும் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம். அதற்காகத்தான் இத்தனை நாளும். கதவு ஒரு சாண் திறந்தது. உள்ளே இருட்டு. நெடுநாள் பூட்டிய அலமாரி வாசனை.

"சோறு... எடுத்துட்டு வரட்டுமா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"சோறு வேணாம். நீ வா."

அவள் அசையவில்லை. உள்ளே மூச்சு நின்றது. யோசிப்பது போல. பிறகு வேறொரு குரல், சின்னப் பெண்ணின் குரல், மூக்கால் அழுகிற, பாவாடையைக் கசக்குகிற குரல்:

"பயமா இருக்குக்கா."

கையிலிருந்து பை விழுந்தது.

கால்கள் அவளைக் கேட்கவில்லை. ஒரு அடி. ஒரு முடி அறுந்தது. இன்னொரு அடி. "வரேன்டி. இதோ, அக்கா வந்துட்டேன்." இன்னொன்று. காய்ச்சல்தான். பட்டினி. கையைப் பிடித்துக்கொண்டால் சரியாகிவிடும். கதவு எட்டும் தூரம் வந்துவிட்டது. அவள் கையை நீட்டினாள்.

கதவின் அடி விளிம்பில் விரல்கள் தெரிந்தன. தங்கையின் விரல்கள், மெலிந்து, நகம் கடித்து, முடி இழைகளின்மேல் மிக லேசாக வைத்தபடி.

நிலையின் இடுப்பு உயரத்தில் இன்னொரு கை. அதே மெலிந்த விரல்கள். அதே கடித்த நகங்கள்.

தோள் உயரத்தில் ஒன்று.

மேலே, அவள் தலைக்கும் மேலே, நிலையின் மேல்கட்டையைப் பிடித்தபடி, இன்னும் இரண்டு.

எதுவும் அசையவில்லை. எல்லாம் பொறுமையாக இருந்தன.