மூன்றாம் நாள் இரை

கறுப்புக் கோழி இரைக்கு வரவில்லை.

தனக்கோட்டி முறத்திலிருந்த நொய்யைக் கொல்லையில் விசிறிவிட்டு ‘பா, பா’ என்று மூன்று தடவை கூப்பிட்டாள். சேவலும் மற்ற நான்கு கோழிகளும் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடி வந்தன. கறுப்பு மட்டும் கொட்டகைக்குள், கிழக்கு மூலையில், மண்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது. இறகு உப்பியிருந்தது. கழுத்து உள்ளே போயிருந்தது. வால் பக்கம் பச்சையும் வெள்ளையுமாக எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தது.

சீக்கு வந்த கோழி கூட்டத்தை விட்டு ஒதுங்கும். அது அவளுக்குத் தெரியாததல்ல. ஆம்பூரில் அந்த வரிசை வீடுகளில் யார் வீட்டுக் கோழி தலையைத் தொங்கப்போட்டாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். ஆனால் ஒதுங்க வேறு இடமா இல்லை? விறகுக் கட்டுக்கு அடியில் போயிருக்கலாம். முருங்கை மரத்தடியில் போயிருக்கலாம். அந்த மூலைக்கு ஏன் போனது என்பதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. போன ஐப்பசியில் ஊரையே வாரிக்கொண்டு போன காய்ச்சலில் அவளுடைய மாமியார் குப்பம்மாளின் பாய் அங்கேதான் கிடந்தது. கிழவியும் சுவரைப் பார்த்தேதான் படுத்திருந்தாள்.

“இன்னா அண்ணி, அது அங்கயே போய் ஒக்காந்துக்குது?” என்றாள் செண்பகம். தனக்கோட்டியின் புருஷன் காசியின் தங்கை. புருஷன் செத்தபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டவள்.

“கோழிக்கு மூலை எது, வாசல் எதுன்னு தெரியுமா? வந்து புடி.”

செண்பகம் கோழியை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். தனக்கோட்டி அதன் அலகைப் பிளந்து பார்த்தாள். தொண்டையில் கோழை கட்டியிருந்தது. மூச்சு ஈரச் சாக்கை இழுப்பதுபோலக் கர்ரென்று வந்தது. நாக்கு நுனியில் வெள்ளையாக, கெட்டியாக ஒரு செதில். அவள் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து அதை நெம்பி உரித்து எறிந்தாள். ரத்தம் துளிர்த்தது. அந்த இடத்தில் சாம்பலை வைத்துத் தேய்த்தாள். பிறகு அதன் இறக்கையிலிருந்தே ஒரு சின்ன இறகைப் பிடுங்கி, ஒரு மூக்குத் துளையில் நுழைத்து மறு துளை வழியாக இழுத்தாள். கோழை நூலாக வந்தது. கோழி கத்தவில்லை. கால்களை மட்டும் விறைத்து நீட்டி, மறுபடி மடக்கியது. சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மஞ்சள் வைத்து அரைத்த உருண்டையைத் தொண்டைக்குள் விரலால் தள்ளி, கழுத்தை மேலிருந்து கீழாகத் தடவி இறக்கினாள்.

அவள் செய்த ஒவ்வொன்றையும் செண்பகம் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழியை அல்ல. அண்ணியின் விரல்களை.

அன்று சாயங்காலம் தூறல் போட்டது. பாலாற்றுப் பக்கமிருந்து வந்த காற்றில் ஆவாரம்பட்டையின் துவர்ப்பு நெடியும், சுண்ணாம்புத் தொட்டியில் தோல் ஊறி மயிர் கழலும் நாற்றமும், தூரத்தில் போன ரயிலின் கரிப்புகையும் ஒன்றாகக் கலந்து கொல்லைக்குள் இறங்கி, போக வழியில்லாமல் அங்கேயே நின்றன. காசி தோல் பதனிடும் ஷாப்பிலிருந்து வந்தான். மரக்கட்டையின் மேல் போட்ட ஈரத் தோலை இரண்டு கைப்பிடிக் கத்தியால் வழிப்பது அவன் வேலை. கத்தியைவிட அவன் கட்டைவிரல் கூர்மை என்று ஷாப்பில் சொல்வார்கள். தோலைத் தடவியே அது அறுத்த மாடா, தானாகச் செத்த மாடா என்று சொல்லிவிடுவான்.

கூடைக்கு அடியில் கிடந்த கோழியைக் குனிந்து பார்த்தான்.

“தேறுமா?”

“மூணாம் நாள் பொழுது போறதுக்குள்ள இரை எடுத்தா தேறிடும். இல்லைன்னா அறுத்துட வேண்டியதுதான்.”

“ஆமாமா. தானா சாக உடக் கூடாது” என்றான் காசி. “தானா செத்ததுக்கு ரத்தம் உள்ளயே நின்னுடும். எவ்ளோ கழுவுனாலும் போகாது.”

பெரிதாகப் பேசாதவன் இவ்வளவு பேசியது அவளுக்கு ஒருமாதிரி இருந்தது. கை கழுவப் போகும்போது அவன் திரும்பி அவள் கழுத்தைப் பார்த்ததாகத் தோன்றியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

மூணு நாளா ஒரு வாய் இறங்கவில்லை, இனி தேறாது. போன வருஷம் கிழவியைப் பற்றி அவனிடம் அவள் சொன்னதும் அதுதான். அன்று சாயங்காலம் கொட்டகையில் கிழவியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். நெற்றியிலிருந்து பின்னால் தடவிக் கொடுத்தாள். முதலில் தடவிக் கொடுத்தால் உதறாது. பிறகு தாடைக்குக் கீழே இரண்டு பள்ளங்களிலும் விரலை வைத்து அழுத்தினாள். அதிக நேரம் ஆகவில்லை. கஷ்டப்படாமல் போகட்டும் என்றுதான் செய்தேன் என்று பல தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். உண்மை அது இல்லை. பீத்துணி துவைத்துப் பேஜாராகிவிட்டது, அவ்வளவுதான். அன்று பகலில்தான் கிழவி இரண்டு வாய் கஞ்சி குடித்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். தேறிக்கொண்டிருந்தாள் கிழவி.

அது யாருக்கும் தெரியாது.

மறுநாள் எழுந்தபோது அவளுக்குத் தொண்டையில் முள் குத்தியது. உடம்பு அனலாக இருந்தது. கோழியை எடுத்து மருந்து கொடுத்தாள். அதன் கண்ணில் பாதிவரை வெள்ளைத் திரை ஏறியிருந்தது. நொய் வைத்தாள். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹலீமா பீ எட்டிப் பார்த்தாள். அவள் வீட்டுக்காரரும் அதே ஷாப்பில்தான் வேலை. “அரே, கோழிக்குச் சீக்குன்னு கேட்டு வந்தா வைத்தியருக்கே சீக்கு மாதிரி இருக்குதே! கண்ணு இன்னா தனக்கோட்டி இப்டி சொருவுது?”

“தூக்கம் கம்மி பீபீ.”

“தேறாதுன்னு பட்டா இன்னிக்கே சொல்லிடு. உசுரோட இருக்கும்போதே அறுத்தாதான் எங்களுக்கு ஆகும். செத்துப் போனா நாய்க்குத்தான் போடணும்.”

“நாளைக்கு வரைக்கும் பாக்கலாம்.” குரல் பாதியில் உடைந்தது. கடைசிச் சொல் கர்ரென்று வந்தது. ஹலீமா பீ சிரிப்பதை நிறுத்திக்கொண்டு அவளை ஒரு கணம் பார்த்தாள்.

பின்னால் செண்பகம் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை.

மத்தியானம் கேழ்வரகுக் களி உருண்டையை வாயில் வைத்தவள் விழுங்க முடியாமல் துப்பினாள். தட்டை அப்படியே வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தாள். குளிரெடுத்தது. புடவையை இழுத்துத் தலைவரை போர்த்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தான் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கே உறைத்தது. சட்டென்று காலை நீட்டிக்கொண்டாள். செண்பகம் தட்டைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

சாயங்காலம் காசி வந்தான். வாசலில் அண்ணனும் தங்கையும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பிறகு அவன் உள்ளே வந்து அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

“வாயத் தொறமே.”

திறந்தாள். தோல் ஷாப்பின் நாற்றம் நிறைந்த கட்டைவிரல் அவள் நாக்கை அழுத்தியது.

“வெள்ளையா படிஞ்சிருக்குது” என்றான் தங்கையிடம்.

செண்பகம் உருண்டை கொண்டு வந்தாள். சின்ன வெங்காயம், பூண்டு, மிளகு, மஞ்சள். காசி அதை உள்ளே தள்ளி, அவள் கழுத்தை மேலிருந்து கீழாகத் தடவினான். மெதுவாக. அவள் எத்தனையோ தடவை அவனுக்கு எதிரில் செய்து காட்டியதுபோலவே.

“நான் இன்னா கோழியா?” என்று சிரிக்கப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது.

“தொத்தற காய்ச்சலா இருக்கும் அண்ணி” என்றாள் செண்பகம். “நீ கொட்டகைலயே படுத்துக்க. நீதான அம்மாவுக்கு அப்டி சொன்ன?”

கிழக்கு மூலையில் பாய் ஏற்கெனவே விரித்திருந்தது.

மூன்றாம் நாள் முழுக்கத் தூறல். கொட்டகைக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் மண்ணில் குழிபறித்துக்கொண்டிருந்தது. ஒரு முழ தூரத்தில் கூடை. கூடைக்குள் கோழி. அது மூச்சு விடும் சத்தம் கேட்டது. கர். நிற்கும். கர். அவளும் மூச்சு விட்டாள். கர். கோழியின் சத்தம் எது, தன் சத்தம் எது என்று பிரிக்கப் பார்த்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். இரண்டும் நின்றன. மூச்சு விட்டாள். இரண்டும் வந்தன.

சுவரில், அவள் முகத்துக்கு நேராக, எண்ணெய்ப் பிசுக்கு வட்டமாகப் படிந்திருந்தது. கிழவியின் தலை உரசிய இடம். திரும்பிப் படுக்க வேண்டும் என்று நினைத்தாள். சுவரைப் பார்க்கக் கூடாது. சீக்கு வந்ததுதான் சுவரைப் பார்க்கும். திரும்ப உடம்பில் தெம்பில்லை.

சாப்பிட வேண்டும். அது மட்டும் அவளுக்குத் தெளிவாக இருந்தது. இன்று பொழுது சாய்வதற்குள், அவர்கள் கண்ணெதிரில், ஏதாவது ஒன்று உள்ளே போக வேண்டும். அவள் வைத்த கெடு அது. அவனுக்கு அது மனப்பாடம்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் செண்பகம் வந்தாள். கையில் தட்டு. நொய்க் கஞ்சி, குழைந்து, ஆறியிருந்தது.

தனக்கோட்டி கையூன்றி எழுந்தாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஒரு வாய். தொண்டை கிழிந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. உள்ளே போய்விட்டது. இன்னொரு வாய். அதுவும் போய்விட்டது. உடம்பில் கொஞ்சம் தெம்பு ஏறியது. தேறிவிடுவேன். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. செண்பகத்தைப் பார்த்துத் தலையாட்டினாள். பார்த்தாயா? இறங்கிவிட்டது. அண்ணனிடம் சொல்.

செண்பகம் தட்டை மெல்ல அவள் கையிலிருந்து எடுத்தாள்.

“அம்மாவும் அன்னிக்கு ரெண்டு வாய் குடிச்சா அண்ணி” என்றாள். “நான்தான் ஊட்டுனேன். நீ கதவாண்ட நின்னு பாத்துட்டு இருந்த.”

கூடையைத் தூக்கினாள். தட்டைக் கோழிக்கு முன்னால் வைத்தாள்.

கோழி அசையவில்லை. பிறகு கண்ணிலிருந்த வெள்ளைத் திரை விலகியது. கழுத்து நீண்டது. ஒரு கொத்து.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹலீமா பீயின் குரல் கேட்டது. “ஏம்மா செண்பகம், இன்னா ஆச்சு? அறுக்கலாமா?”

“வாணாம் பீபீ. கோழி தேறிடுச்சு.”

“தனக்கோட்டி?”

“தூங்குது.”

தனக்கோட்டி கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். கர்.

செருப்புச் சத்தம் வேலியை விட்டுப் போனது. வேறு காலடி வந்தது. சுண்ணாம்பு நாற்றம் முதலில் வந்தது. பிறகு காசி.

“எதாவது எடுத்தாளா?”

“ஒண்ணும் எடுக்கலண்ணா. ஒரு பருக்கை எறங்கல.”

தனக்கோட்டி தலையை ஆட்டினாள். இல்லை. இல்லை. விரலை நீட்டினாள். இரண்டு. இரண்டு வாய். தன் வாயைத் தொட்டுக் காட்டினாள். வயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

“உதறுது பாரு. பாவம்” என்றான் காசி.

பாயில் உட்கார்ந்தான். அவள் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கை சொரசொரப்பாக, பழுப்பாக, இதமாக இருந்தது. நெற்றியிலிருந்து பின்னால் தடவினான்.

“அம்மாவக் குளிப்பாட்டும்போதே பாத்துட்டேன்மே. தாடைக்குக் கீழ ரெண்டு பக்கமும் உன் வெரலு இருந்துச்சு. எனக்குக் கோவம் இல்ல. மூணு நாளா எறங்காம கெடந்தவ. நீதான் அவளத் தானா சாக உடல.” அவன் குரல் தழுதழுத்தது. “உனக்கும் நான் அந்த நல்லத செய்யணும் இல்ல?”

மறுபடி தடவினான்.

செண்பகம் வாசற்படலை இழுத்துச் சாத்தினாள். உள்ளே நின்றுகொண்டே.

கட்டைவிரல் தாடைக்குக் கீழே இறங்கியது. தேடியது. தோலைப் படிக்கத் தெரிந்த விரல். பள்ளம் கிடைத்தது. மறுபக்கத்துப் பள்ளமும் கிடைத்தது.

அவள் கால்கள் விறைத்து நீண்டன. மடங்கின.

ஒரு முழ தூரத்தில் கறுப்புக் கோழி கஞ்சித் தட்டில் ஒரு காலை ஊன்றி ஏறி நின்றது. ஒரு வாய் எடுத்தது. தலையை அண்ணாந்து விழுங்கியது. பக்கவாட்டில் திரும்பி ஒற்றைக் கண்ணால் அவளைப் பார்த்தது. மறுபடி குனிந்தது.