ஏழு நொடிப் பிழை

“உள்ள இருக்கும்போது ஆமான்னுதானே சொன்னீங்க?”

“சொன்னேன். அப்ப என் தலை காலியா இருந்துச்சு,” என்றபடி நடுவர் மரகதம் பலகையிலிருந்து தன் சில்லை எடுத்துக் காதுக்குப் பின்னால் அழுத்திக்கொண்டார். முகத்தில் பழைய தெளிவு திரும்பியது. “பனி விரியுற சத்தம்மா அது. இதுக்குப் போய் எட்டு தடவை மன்றத்தைக் கூட்டுவாங்களா?”

கேள்வி கேட்ட செண்பகவல்லி, மன்ற வாசலில் செருப்புகளைப் போல வரிசையாகக் கிடந்த நோக்குச்சில்லுகளை நடுவர்கள் ஆளுக்கொன்றாக மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்து நின்றாள்.

வியாழனின் நிலவான யூரோப்பாவில் ஒவ்வொரு மனிதரும் முந்நூறு வயதுவரை வாழ்ந்தார். முன்பெல்லாம் பழைய கருத்துகள் அவற்றை நம்பியவர்களோடு சுடுகாடு போய்ச் சேரும். இங்கே அதற்கு வழியில்லை. எது கேள்வி, எது வெறும் அளவீட்டுப் பிழை என்று சொல்லித்தரும் சில்லு, படிப்பு முடிந்ததும் எல்லார் காதுக்குப் பின்னாலும் ஏறிவிடும். ஆகவே புதுக் கண்டுபிடிப்பைக் கேட்க வரும் நடுவர்கள் அதை வாசலில் கழற்றிவைக்க வேண்டும் என்பது விதி. கையெழுத்தை மட்டும் வெளியே வந்து, சில்லை மாட்டிக்கொண்டு, முழு அறிவோடு போடுவது வழக்கம்.

பனிக்கு அடியிலுள்ள கடலில் உயிரில்லை என்றது சில்லு. குடியேற்றம் பனிக்கடியில் இறக்கியிருந்த ஒலிக்கருவி கூவும்போதெல்லாம் கடலுக்குள் ஏதோ ஒன்று பதில் கூவுகிறது என்றது செண்பகவல்லியின் இருபதாண்டுப் பதிவு. நாளைக் காலை அதே இடத்தில் துளைப்பான் இறங்கப்போகிறது. ஒரே ஒரு நடுவர் கையெழுத்திட்டால் போதும், நின்றுவிடும்.

பலகையில் ஒரு சில்லு மிஞ்சியிருந்தது. மூத்த நடுவர் ஞானதிரவியம் அதை எடுத்தார். மாட்டிக்கொள்ளாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். செண்பகவல்லி அவசரமாகக் கையெழுத்துக்கான தாளை நீட்டினாள்.

“இருங்கம்மா. உங்க பதிவுல ஒவ்வொரு தடவையும் கடலோட சத்தம் ஏழு நொடி முந்தியே வருது. நம்ம கருவி அப்புறம்தான் கூவுது.”

“கடிகாரப் பிழைங்கய்யா. அடிக்குறிப்புல திருத்தியிருக்கேன்.”

“இருபது வருஷமாவா?”

“பின்ன? நாம கேக்காம அது எப்படிய்யா பேசும்?” அவள் சிரித்தாள். சற்றுமுன் மரகதம் பேசிய அதே தொனி.

“சத்தம் கேட்டா தானா குரல் கொடுக்குற கருவிம்மா அது. அப்ப கூப்பிடுறது யாரு? பதில் சொல்றது யாரு?” ஞானதிரவியம் நிதானமாகக் கேட்டார். “எதுக்குக் கூப்பிடுதுன்னே தெரியாம துளைப்பானை நிறுத்துன்னு நான் எப்படிச் சொல்ல? ஒருவேளை பனியை உடைக்கச் சொல்லித்தான் கத்துதோ என்னவோ.”

கண்டுபிடித்தவர் தன் சில்லைக் கழற்ற வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. கடலில் உயிரில்லை என்ற ஒன்றில் சில்லை மீறிவிட்ட பெருமையில், மற்றதெல்லாம் அது சொல்வதையே தான் கேட்டுக்கொண்டிருந்தது செண்பகவல்லிக்குத் தோன்றியதே இல்லை.

“மன்றத்துக்குள்ள விளக்கு இன்னும் எரிஞ்சிட்டுத்தான் இருக்கு,” என்றார் அவர். “நீங்களும் உங்க சில்லைக் கழட்டி வச்சிட்டு, ஒரே ஒரு தடவை என்கூட வந்து அந்தப் பதிவைக் கேட்டுப் பாருங்களேன்.”